கம்பிக்கு வெளியே

எனக்குக் கொடுத்தது
ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு நைலான் பிரஷ்,
ஒரு கட்டளை:
கம்பிக்கு உள்ளே இருப்பது கல்வெட்டு, கை படக்கூடாது.
கம்பிக்கு வெளியே இருப்பது கிறுக்கல், ஒன்று விடக்கூடாது.
நாள் கூலி ஐந்நூறு. ஆசிட் கிடையாது.

பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரில் சொல்லும் குகை.
பாண்டவர் யாரும் படுத்ததில்லையாம்,
துறவிகள் படுத்த கல்லாம்.
இப்போது படுத்திருப்பவை பெயர்கள்.

நகப்பூச்சில் ஒரு சங்கவி.
தாரில் 'சூறாவளி பாய்ஸ், விளாச்சேரி.'
பன்னிரண்டாம் வகுப்பு ஆ பிரிவு, முழுசாக,
வருகைப் பதிவேடு மாதிரி,
ஒருவன் பெயரை மட்டும் அடித்து.
ஆணியால் கீறிய ஒரு கைப்பேசி எண்;
பத்தில் ஒன்று குறைகிறது.

தேய்த்தால் பெயிண்ட் போகும்.
கீறியது போகாது.

மூன்றாம் நாள் காவலர் ஒரு பையனைப் பிடித்து வந்தார்.
வெள்ளைப்பாண்டி, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு.
விரலெல்லாம் நீலம்.
பாறையில் 'வெள்' வரைதான் ஆகியிருந்தது.

தொல்லியல் மேடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.
அன்று குரல் நடுங்கியது.
"ரெண்டாயிரம் வருஷம் மழை தொடாத எழுத்துடா."
"நான் வெளியதான எழுதுனேன்."
"பாறை ஒண்ணுதானடா."
அவன் கம்பிக்குள் எட்டிப் பார்த்தான்.
"அதுல என்ன போட்டிருக்கு?"
மேடம் எழுத்து எழுத்தாக வாசித்தார்:
யாரோ ஒரு வணிகன், அவன் ஊர்,
இந்தப் படுக்கையைச் செய்து கொடுத்தான்.
"அதும் பேருதான?"
"அவன் கொடுத்தான். நீ என்ன கொடுத்த?"

பையன் காலைப் பார்த்தான்.
நான் வாளியைப் பார்த்தேன்.
கேள்வி என்னையும் கேட்டதுபோல இருந்தது.

கீழே இறங்கும்போது சொன்னான்:
"அக்கா, எங்க தெருவுல ஒரு சுவர் காலி கிடையாது.
அடுத்த எலெக்சனுக்கும் சேத்து
முன்பதிவு போட்டு வச்சிருக்காங்க."

நிஜம்தான். என் வீட்டு வெளிச்சுவரிலும்
யாரையும் கேட்காமல் ஒரு சின்னம், எட்டடி.
அதைத் தேய்க்க எவரும் கூலி தருவதில்லை.
மதுரையில் சுவரில் பேர் வர
வயசுக்கு வரவேண்டும், தாலி ஏறவேண்டும்,
இல்லையென்றால் செத்துப்போய்
கண்ணீர் அஞ்சலிக்கு நடுவில் சிரிக்கவேண்டும்.
சும்மா, இருக்கிறேன் என்று சொல்ல
ஒரு சாண் இடம் கிடையாது.

ஆனாலும் அந்த நீலம் எனக்குப் பிடிக்கவில்லை.
பாறையின் தேன்நிறத்தில் அது
பல்லில் ஒட்டிய மிட்டாய்த் தாள் மாதிரி இருந்தது.
அந்த அரைப்பெயரை அழிக்க ஒன்றரை மணி நேரம்.
திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன்.

என் பெயர் மஸ்டர் ரோலில் இருக்கிறது,
ஒச்சம்மாள் என்பது 'ஓச்சமாள்' என்று.
திருத்தச் சொன்னேன். அடுத்த மாதம் என்றார்கள்.
ஒவ்வொரு சாயங்காலமும் அதற்கு நேராக
சரியான 'ம்' போட்டுக் கையெழுத்திடுகிறேன்,
கொஞ்சம் அழுத்தி.

இன்னொன்று சொல்லவேண்டும்.
கம்பி நட்ட கோட்டின்மேலேயே ஒரு கீறல், மூன்று எழுத்து.
எந்தக் காலம் என்று மேடத்துக்கே தெரியவில்லை.
படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.
பதில் வரும்வரை தொடாதே என்றார்.
அதைச் சுற்றி மட்டும் தேய்த்தேன்,
தூங்கும் பிள்ளையைச் சுற்றிப் பெருக்குவதுபோல.
பதில் இன்னும் வரவில்லை.

வேலை முடிந்த அன்று மேடம் தூரத்தில் நின்று பார்த்தார்.
நான் தேய்த்த இடமெல்லாம் வெளுத்து,
மலைக்குத் தேமல் வந்ததுபோல.
"இதுக்குப் பேரே தேவலை போல" என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை.
செம்மண் கரைத்துப் பூசலாமா என்று பேசிக்கொண்டார்கள்.

தேனி ரோட்டு பஸ்ஸில் இப்போதெல்லாம்
ஜன்னல் பக்கம் பார்த்து உட்காருகிறேன்.
ஒரு வளைவில் தெரியும், ஒரு நிமிஷம்கூட இல்லை,
அந்த வெளுப்பு.
நேற்று பக்கத்து சீட்டுக்காரிக்குக் காட்ட
கையை நீட்டினேன்.
நீட்டிய கையில் கண்டக்டர்
மகளிர் டிக்கெட்டைக் கிழித்து வைத்துவிட்டுப் போனார்.